முத்துக்கரையின் ஏடுகள் ஹேக் நகரில்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள பழைய முத்துத் துறைமுகமான கொற்கையின் தொன்மை குறித்த விவாதம் தமிழ்நாட்டில் சூடுபிடிக்கும்போதெல்லாம், நெதர்லாந்தில் குடியேறிய தமிழருக்குப் பெருமிதத்தோடு எரிச்சலும் சேர்ந்தே எழுகிறது. 1968-69 அகழாய்வுக்குப் பின் கிடைத்த கி.மு. 785 என்ற கரிமக் காலக் கணிப்பு மேடைதோறும் ஒப்பிக்கப்படுகிறது. பேச்சு அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, இன்றைய தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்கு அளவில் வந்து நிற்கிறது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆள்வோர் மாறிய நூற்றாண்டுகளில் முத்துக்காக மூச்சடக்கி மூழ்கிய பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அந்தத் தாவலில் காணாமற்போகின்றனர்.

அவர்களுடைய உழைப்பின் டச்சுக் காலச் சான்றுகளைத் தேடுவோர் ஹேக் நகரின் மைய ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கே செல்ல வேண்டியிருக்கிறது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கொழும்பு ஆளுகையின் கீழ் வைத்ததால், சலாபம் பற்றிய கடிதங்கள், அதாவது சிப்பி விளைந்த பார்களில் ஆட்சியாளர் அறிவித்து நடத்திய முத்துக்குளிப்பைப் பற்றிய கடிதங்கள், கொழும்பு வழியாகவே ஹாலந்தை அடைந்தன. சென்னை எழும்பூரிலும் டச்சு ஏடுகள் உண்டு. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இக்கம்பெனியின் ஆவணங்கள் இடம்பெற்றபோது இந்தியாவும் இலங்கையும் அப்பெருமையில் பங்கு பெற்றன. ஆயினும் எழும்பூரில் இருப்பவற்றுள் மிகுதி கொச்சியைச் சார்ந்தவை.

இவ்விடத்தில் புகுந்த நாட்டைப் புகழாமல் இருக்க இயலாது. ஹைகன்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்தும் குளோபலைஸ் திட்டம், கம்பெனி ஏடுகளில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களின் பழைய கையெழுத்தைக் கணினியைக் கொண்டு படிக்கச் செய்து, எவரும் வீட்டிலிருந்தே சொல்லிட்டுத் தேடும் நிலைக்குக் கொண்டுவந்துள்ளது. ஆராய்ச்சிப் பட்டமும் பரிந்துரைக் கடிதமும் இல்லாத ஒரு மீனவர் வீட்டுப் பெண், தன் ஊர்ப் பெயரை இட்டு முந்நூறு ஆண்டுப் பழைமையான கடிதமொன்றைத் திரையில் விரித்துப் பார்க்கலாம் என்பது, அலுவலகப் படிகளில் காத்திருந்து பழகிய சமூகத்துக்குச் சிறிய செய்தியன்று. இதைக் கருணை என்று மயங்க வேண்டியதில்லை. வணிகன் தன் பேரேட்டைப் பேணினான், அவன் பேரர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை, அவ்வளவே.

ஏட்டைத் திறந்து வைப்பதோடு அந்நாடு நிற்பதில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்அகாடமி, உலகின் பல பகுதிகளிலிருந்து வரும் கலைஞர்களுக்கு இரண்டாண்டுக் காலம் பணிக்கூடமும் உதவித்தொகையும் பட்டறை வசதியும் அளிக்கிறது. கலைஞர் உறைவிடத் திட்டம் எனப்படும் இவ்வகை ஏற்பாட்டின் உயிர், முடிவை முன்கூட்டியே கேட்காமல் காலத்தைக் கொடுப்பதில் இருக்கிறது. குவைத்தைச் சேர்ந்த மோனிரா அல் காதிரி 2016-17இல் அங்கு உறைந்து பணியாற்றியவர். அவருடைய பாட்டனார் முத்துக்குளிக்கும் படகில் பாடகராக இருந்தவர். 2018இல் அவர் உருவாக்கிய ‘டைவர்’ என்னும் காணொளியில், முத்தும் கச்சா எண்ணெயும் காட்டும் வானவில் மினுக்கத்தையே உடையாக அணிந்த நீச்சல் பெண்கள், முத்துக்குளிப்போரின் பழம்பாட்டுக்கு இசைந்து அசைகின்றனர். பாரசீக வளைகுடாவின் பேத்திக்கு வாய்த்தது மன்னார் வளைகுடாவின் பேத்திக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற பொறாமை, தூத்துக்குடியை அறிந்த எவருக்கும் எழவே செய்யும்.

தமிழரிடம் இத்தகைய கலை இல்லை என்று அதனால் ஆகிவிடாது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போர்த்துக்கீசிய, டச்சுக் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கி 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூலில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். ஆட்சியாளர் நிலத்தை அளந்து எழுதிய அதே ஏட்டு வடிவத்தை இழந்தவர் கைக்கு மாற்றிய அந்நூல், ஐரோப்பிய உறைவிடங்களில் பிறந்த ஆவணக் கலைப்படைப்புகள் பலவற்றைக் காட்டிலும் கூர்மையானது.

தூத்துக்குடிக்கு வேண்டியதும் அத்தகைய கைமாற்றமே. ஹேக் ஏடுகளில் படகும் ஆளும் கல்லும் எண்ணப்பட்டுள்ளன. கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கியவன் மூச்சின் கணக்கு அவற்றில் இல்லை. வலித்தும் இழுத்தும் பாடிய அம்பாப் பாட்டும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டியின் பங்கும், பனிமய மாதா தேரின் வடத்தில் கைவைக்கும் முறையும் கரையில்தான் கேட்டறியத்தக்கவை. ஆகவே உறைவிடம் ஆம்ஸ்டர்டாமில் அமைவதைவிட, சங்குகுளிப்போர் இன்றும் வாழும் திரேஸ்புரத்துக்கு அருகே அமைவதே முறையாகும். ஏட்டின் படிகள் இணையத்தில் வந்துவிடும், முதியவர்களின் குரல் அவ்வாறு வராது. கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதில் குளித்து இன்றும் இருப்போர் எண்பதைக் கடந்தவர்கள்.

ஓவியருக்கும் பாடகருக்கும் அறையும் படிப்பணமும் கொடுத்தால் என்ன விளையும் என்று தாயகத்தில் கேட்பவர்கள், அகழாய்வுக் குழிக்குச் செலவிடும்போது அக்கேள்வியை எழுப்புவதில்லை. செலவில் ஒரு பங்கை நெதர்லாந்திடம் கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. கம்பெனி இக்கரையிலிருந்து எடுத்துச் சென்றதன் கணக்கை அந்நாடே தேடிப் பார்க்கும் வகையில் திறந்து வைத்திருக்கிறது.