திரைக்கு முதுகு காட்டிய இருக்கை

நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம்.

ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியில், மென்பொருள் நிறுவனங்கள் சூழ்ந்த ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பார் இருக்கிறது. பெயர் வேண்டாம். கட்டடக்கலை பயிலும் என் தோழி வணிக வளாக உணவகங்களின் உள்வடிவமைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஆட்டம் நடக்கும் ஒரு மாலையில் அந்த அறையின் ஒலியளவைப் பதிவு செய்ய அனுமதி பெற்றிருந்தார். பேச்சு தொடர்பான குறிப்புகளை நான் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. அதே நாள் பகலில் சபரி எக்ஸ்பிரஸில் அப்பா வந்து இறங்கினார். ஐந்தாண்டுகளில் இப்போதுதான் முதன்முறையாக என் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறார். மகளிர் விடுதியில் அவரைத் தங்கவைக்க இயலாது. விருந்தினர் இல்லத்தில் தனியே விட்டுச் செல்லவும் மனமில்லை. ஐபிஎல் ஆட்டம் என்றதும் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். (அம்மாவிடம் "ஹோட்டலுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னோம். பொய்யில்லை; அங்கே உணவும் உண்டு.)

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன்.

வணிக வளாகத்தின் உட்பகுதியில் சன்னல் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே ஒரே வெளிச்சம்தான். வடிவமைப்பாளருக்கு இது குறையன்று, வசதி. பகலொளி விழுந்தால் திரை மங்கும். தோழி எனக்கு முதலில் காட்டியவை பார்வைக்கோடுகள். அறையின் தரைப்படத்தில் ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் ஏதேனும் ஒரு திரைக்குக் கோடு வரைந்திருந்தார். மது பரிமாறும் மேடைக்கு மேலே வரிசையாகத் தொலைக்காட்சிகள், நீண்ட சுவரில் புரொஜெக்டர் திரை, தூண்களில் சிறு திரைகள். எல்லாம் பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனிந்திருந்தன. நடுவில் உயரமான மேசைகளும், ஏறி அமர்ந்தால் கால் தரையில் படாத ஸ்டூல்களும். பின்புறம் படிபோல உயர்த்திய தளத்தில் மெத்தை இருக்கைகள். முன்னால் இருப்பவரின் தலை மறைக்கக் கூடாது என்ற, திரையரங்குக்குரிய அதே கணக்கு. அந்த மெத்தை இருக்கைகளும் எதிரெதிராகப் போடப்படவில்லை. செங்கோணமாக மடங்கி, திரைப்பக்கம் திறந்திருந்தன. நான்கு பேர் அமர்ந்தால் நால்வரும் தோளோடு தோள் உரச ஒரே திசையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்த் திண்ணையும் ஏறத்தாழ அப்படித்தான் என்று தோழியிடம் சொன்னேன். திண்ணையில் யாரும் எதிரெதிராக அமர்வதில்லை. எல்லோரும் தெருவைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். ஆனால் தெரு கத்துவதில்லை. எப்போதோ ஒரு சைக்கிள், ஒரு மாட்டுவண்டி. மீதி நேரமெல்லாம் பேச்சுக்கு மிச்சம். ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட நூலில் வீடும் பணியிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' என்பதை வரையறுத்தபோது, அங்கே நிகழும் முதன்மையான செயல் உரையாடலே என்றார். காப்பிக் கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம் எல்லாம் அவருடைய பட்டியலில் உண்டு. ஸ்போர்ட்ஸ் பார் அந்த மதுக்கூடத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு உரையாடலைக் கழித்துவிட்டிருக்கிறது.

இனி ஒலி. தரை மெருகேற்றிய கான்கிரீட். சுவர்களில் பூசாத செங்கல் போலத் தோன்றும் ஓடுகள். நாற்காலிகள் இரும்பு. பொய்க்கூரை இல்லை, குளிர்காற்றுக் குழாய்களும் கம்பிவடத் தட்டுகளும் வெளியே தெரிய, அனைத்துக்கும் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். ஒலியை விழுங்கக்கூடிய பொருள் என்று அங்கே இருந்தவை இருக்கை மெத்தைகளும் மனிதர்களும்தாம். ஓர் அறையின் எதிர்முழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கான சூத்திரத்தைத் தந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895 முதல் அங்கிருந்த ஒரு விரிவுரைக் கூடத்தின் குறையைச் சரிசெய்ய முயன்றபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை நள்ளிரவில் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்துவிட்டு, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். பரப்பிய மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அந்தக் கூடத்தில் பேசிய ஒரு சொல் வெறும் அறையில் 5.5 நொடிகள் வரை சுற்றிக்கொண்டிருந்ததாம். சபைனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய சூத்திரத்தைவிட அந்த மெத்தை சுமந்த இரவுகளே நினைவுக்கு வரும். ஆய்வு மாணவர்களுக்கு இது புரியும்.

ஒலி அடங்காத அறையில் ஒருவர் குரலை உயர்த்துவார். அவரைக் கேட்க முடியாத அடுத்த மேசைக்காரர் தாமும் உயர்த்துவார். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்த விளைவு இது. அன்று ஆட்டம் தொடங்கி அரைமணி நேரத்தில் அறை முழுவதும் லொம்பார்டுக்குச் சான்று கூறிக்கொண்டிருந்தது. ஒரு சிக்சருக்குத் தோழியின் கருவி 90 டெசிபலைத் தாண்டியது. கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பொருத்தலாமே என்று அவர் மேலாளரிடம் கேட்டார். மேலாளர் சிரித்தார். சத்தம் குறைந்தால் கூட்டம் இல்லாதது போலத் தோன்றும், வெளியே நடப்பவர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் வணிக நியாயம் இருக்கிறது. அங்கே விற்பனைக்கு இருப்பவற்றுள் இரைச்சலும் ஒன்று.

அப்பா உள்ளே வந்ததும் மேலே பார்த்தார். கறுப்புக் குழாய்கள், தொங்கும் இரும்பு விளக்குகள், பூசாத சுவர். பிறகு என்னிடம் சொன்னார்: "தறிக்குடோனாட்டமே இருக்குது."

தோழிக்கு மொழிபெயர்த்தேன். அவர் வியந்து போனார். இந்தப் பாணிக்குத் துறையில் 'இண்டஸ்ட்ரியல்' என்றே பெயர். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் கைவிடப்பட்ட ஆலைகளிலும் கிடங்குகளிலும் 1960களில் ஓவியர்கள் குடியேறினார்கள். வாடகை குறைவு என்பதே காரணம். ஆலையின் வெற்றுச் சுவரும் குழாய்களும் பிற்பாடு அழகாயின. இப்போது ஆலையே இல்லாத இடத்தில் ஆலையைப் புதிதாகச் செலவு செய்து கட்டுகிறார்கள்.

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். சிமென்ட் அட்டைக் கூரை, சிமென்ட் தரை, பக்கத்துக்குப் பக்கம் தறி. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடும் ஓசை நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலே உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் கூறுகின்றன. அந்தக் குடோனுக்குள் அளவுக் கருவி எதுவும் வந்ததாக அப்பாவுக்கு நினைவில்லை. செவித்திறன் போனதை அவர் நெடுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் அது நோயாகவும் தெரியவில்லை.

இனிமேல் வருவதை எழுதுவது கடினம். என் ஆய்வு, தமிழ் உரையாடலில் 'திருத்தம்' பற்றியது. ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காமலோ விளங்காமலோ போகும்போது இருவரும் அதை எவ்வாறு சரிசெய்துகொள்கிறார்கள் என்பதே பொருள். "ஆ?" என்ற சிறு ஒலி ஒரு முழு இயலை நிரப்பியிருக்கிறது. 2013இல் டிங்கெமான்சவும் உடன் ஆய்வாளர்களும் இந்த ஒலி ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மொழிகளில் ஏறத்தாழ ஒரே உருவில் வழங்குவதைக் காட்டினார்கள். கேட்காதவர் "ஆ?" என்பார், பேசியவர் திரும்பச் சொல்வார். இந்தக் கடப்பாட்டின் மேல்தான் மனிதப் பேச்சு நிற்கிறது என்று மாநாடுகளில் நான் கட்டுரை வாசித்திருக்கிறேன்.

வீட்டுத் தொலைபேசியில் அப்பா "ஆ?" என்பார். ஒருமுறை திரும்பச் சொல்வேன். இரண்டாம் முறை "ஆ?" என்பார். சற்று உரக்கச் சொல்வேன். மூன்றாம் முறை நான் சொல்வது: "ஒண்ணுமில்லப்பா, அம்மாகிட்டக் குடுங்க." என் தரவுத்தொகுப்பில் இந்த 'ஒண்ணுமில்ல' என்பதற்கு ஒரு குறியீடே வைத்திருக்கிறேன்: கைவிடப்பட்ட திருத்தம். பிறருடைய உரையாடல்களில் அதை எண்ணி அட்டவணை போட்டவள் நான். எங்கள் வீட்டு உரையாடலை அதில் சேர்க்கவில்லை. ஆய்வறம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்கு வாய்த்தது தூணோரம் இருவர் அமரும் மேசை. அறையின் மூலை மிச்சத்தில் செருகியது. எதிரெதிர் இருக்கைகள் கொண்டது. தோழியின் தரைப்படத்தில் திரையே தெரியாத ஒரே இருக்கை அங்கேதான் இருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். இயல்பாகவே நான் அதில் அமர்ந்து, ஆட்டம் தெரியும் இருக்கையை அப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் வந்ததே ஆட்டத்துக்காக. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வருணனையைக் கேட்டு வளர்ந்தவர். காது போனபின் கிரிக்கெட்டைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டவர்.

சற்று நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி எழச் சொன்னார். "நீ இந்தப்பக்கம் வா கண்ணு. அங்க உக்காந்தா உம்மூஞ்சி இருட்டாயிருக்குது. திரையைப் பாத்தாப்புல உக்காரு, வெளிச்சம் உம்மேல விழும்."

மேசைக்கு மேலே தொங்கிய விளக்கு தலையுச்சியில் ஒளி பாய்ச்சி முகத்தில் நிழலை விழச் செய்யும் வகை. உணவு பளிச்சிடும், உதடு தெரியாது. திரையின் ஒளியோ நேரே முகத்தில் அடித்தது. அப்பா உதடு படிப்பவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறி இரைச்சலை மீறப் பெண்கள் உதடுகளைப் பெரிதாக அசைத்து ஓசையின்றிப் பேசிய முறையைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன். 'மீ-மாயிங்' என்று பெயர். குமாரபாளையத்தில் அதற்குப் பெயரில்லாததால் என் கண்ணில் படவில்லை போலும்.

முதல் முறை ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் பேசினோம். விடுதி உணவு, நெறியாளர், வராத உதவித்தொகை, அவர் விற்ற கடைசித் தறியின் விலை. கத்த வேண்டியிருக்கவில்லை. கத்தினால் உதட்டின் வடிவம் கெடும், மெதுவாகச் சொல் என்றார். வெள்ளைப் பின்னணியில் விளம்பரம் வரும்போது நான் சொல்வது அவருக்கு முழுதாக விளங்கியது. இரவுநேர மைதானம் காட்டப்படும்போது கொஞ்சம் தவறியது. குடோனில் வழங்கிய சைகைகளைக் காட்டினார். பாவு நூல் அறுந்தால் இரு விரல்களைச் சேர்த்துப் பட்டென்று விலக்குவது. டீக்குக் கட்டைவிரலை வாயருகே சாய்ப்பது. முதலாளி வந்தால் இல்லாத மீசையை முறுக்குவது. அடுத்த மேசையில் நான்கு இளைஞர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தி, "என்ன?" "என்ன?" என்று கேட்டுச் சலித்துக் கைப்பேசிக்குள் போய்விட்டிருந்தார்கள். பரிமாறுபவரை அழைக்க அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு, அப்பா கையை உயர்த்தி விரலால் ஏதோ வரைந்தார்; எங்கள் லைம் சோடாவோடு அவர்களுக்கும் தண்ணீர் வந்தது.

விக்கெட் விழுந்தபோதெல்லாம் அறை அலறியது. அப்பா திரும்பவில்லை. என் கண்களைப் பார்த்தே "அவுட்டா?" என்றார். பிறகுதான் மெல்லத் திரும்பி மறு ஒளிபரப்பைப் பார்த்தார்.

குறிப்பேட்டில் அன்று நான் எதுவும் எழுதவில்லை. தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தரைப்படத்தை எடுத்து, அந்தச் சிவப்பு வட்டத்தின் அருகே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

மறுநாள் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். வரைபடம் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது, இரைச்சலில் உழைத்தவர்களுக்கு வழக்கமாக இருப்பது போல. கருவி பொருத்தலாம் என்றார்கள். விலையைக் கேட்டு, உதவித்தொகை வரட்டும் என்று திரும்பினோம். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் அழைப்பு இல்லை, காணொளி அழைப்புதான். மேசை விளக்கைச் சுவர்ப்பக்கமிருந்து என் முகத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு அழைக்கிறேன். சென்ற வாரம் மின்சாரம் போனது. "தெரியல கண்ணு" என்றார் அப்பா. மெழுகுவத்தியைத் தேடி எடுத்து வரும்வரை காத்திருந்தார்.