சுல்தானுக்குக் கொடுத்த கடற்கரை

உலக மேப்பில் போஸ்னியாவைத் தேடிப் பாருங்கள். இத்தாலிக்கு எதிர்க்கரை. ஏட்ரியாட்டிக் கடலோரம் நெடுக குரோஷியா பூமராங் மாதிரி வளைந்து படுத்திருக்கும். அந்த வளைவுக்குள் கடலே கிடைக்காமல் மாட்டிக்கொண்ட நாடு போஸ்னியா என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தெற்கே ஓரிடத்தில், குரோஷியாவை இரண்டாக வெட்டிக்கொண்டு, போஸ்னியா ஒரு காலை நீட்டி, கட்டைவிரலை மட்டும் கடலில் நனைத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கட்டைவிரலின் பெயர் நெயூம்.

ஒரு நாட்டுக்கு மொத்தக் கடற்கரையே சுமார் 20 கிலோமீட்டர். அதில் ஊர் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். 2013 கணக்கெடுப்பில் சுற்றுப்புறத்தையும் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு பேர் சொச்சம். 2023 செப்டம்பரில் நான் அங்கே மூன்று நாள் இருந்தேன். டுப்ரோவ்னிக் போகிறவர்கள் யாரும் இங்கே தங்குவதில்லை. "அங்கே என்ன இருக்கு?" என்று ஸ்ப்ளிட் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுத்தவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மேப்தான் காரணம்.

போகும் வழியில், எல்லைக்குச் சற்று முன்னால், வலது பக்கம் கடல்மேல் ஒரு பாலம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, கேபிள்களைப் படகுப் பாய் மாதிரி விரித்துக்கொண்டு. பெல்யெஷாட்ஸ் பாலம். 2,404 மீட்டர் நீளம். கட்டியது சீன கம்பெனி, பணத்தில் பெரும்பங்கு (35 கோடியே 70 லட்சம் யூரோ) ஐரோப்பிய யூனியனுடையது. 2022 ஜூலையில் திறந்தார்கள். எதற்கு இந்தப் பாலம்? நெயூமுக்குள் நுழையாமல் போவதற்கு! ஒரு ஊரைத் தவிர்ப்பதற்காக இவ்வளவு செலவு செய்து ஒரு பாலத்தை நான் பார்த்ததில்லை.

குரோஷியாக்காரர்களைத் தப்பு சொல்ல முடியாது. பாலம் வருவதற்கு முன்னால், ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு, அதாவது சொந்த நாட்டின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, சாலையில் போக வேண்டுமென்றால் நடுவில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் போஸ்னியா குறுக்கிடும். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போய், கால் மணி நேரத்தில் மறுபடி பாஸ்போர்ட்டைக் காட்டி வெளியே வர வேண்டும். ஆகஸ்ட் மாத வெயிலில் அந்த க்யூவில் நின்றவர்களிடம் கேட்டால் பாலத்தின் அருமை தெரியும்.

சரி, இந்த ஒன்பது கிலோமீட்டர் எப்படி முளைத்தது? கதை முந்நூறு வருஷத்துக்கு முந்தையது. டுப்ரோவ்னிக் அப்போது ராகுஸா என்ற பெயரில் ஒரு குட்டி வியாபாரக் குடியரசு. போட்டி வியாபாரி வெனிஸ். ராகுஸா சுல்தானுக்கு வருஷத்துக்கு 12,500 தங்க டுக்காட் கப்பம் கட்டி நிம்மதியாக இருந்தது. ஆனால் சுல்தானோடு நடந்த சண்டையில் வெனிஸ் நிலம் பிடித்துக்கொண்டே வேலி ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. 1699-ல் கார்லோவிட்ஸ் சமாதான ஒப்பந்தம். அதில் ராகுஸா ஒரு காரியம் செய்தது. வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு என்று தன் இரண்டு எல்லையிலும் நிலத்தைச் சுல்தானுக்கே கொடுத்துவிட்டது. இனி வெனிஸ்காரன் தரை வழியாக வரவேண்டுமென்றால் சுல்தானைத் தாண்டித்தான் வரணும்.

பக்கத்து வீட்டு ரவுடிக்குப் பயந்து, நடுவில் இரண்டு சென்ட்டை ஊர்ப் பெரிய ரவுடி பெயரில் எழுதி வைக்கிற மாதிரி. புத்திசாலித்தனம்தான். வடக்குத் துண்டுதான் நெயூம்.

பிறகு வெனிஸ் குடியரசு போயிற்று. 1808-ல் நெப்போலியன் ஆட்கள் ராகுஸாவைக் கலைத்தார்கள். சுல்தான் போனார், ஆஸ்திரியச் சக்கரவர்த்தி வந்தார், போனார். யூகோஸ்லாவியா வந்தது. 1945-க்குப் பிறகு அதற்குள் குடியரசுகளைப் பிரித்தபோது அந்தப் பழைய கோட்டையே வைத்துக்கொண்டார்கள். ஒரே நாட்டுக்குள் கோடு எங்கே இருந்தால் என்ன? கார்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. 1990-களில் யூகோஸ்லாவியா உடைந்தபோதுதான் கோட்டின்மேல் போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார்.

அவரிடம்தான் நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து குரோஷியா ஷெங்கன். போஸ்னியா ஷெங்கனும் இல்லை, ஐரோப்பிய யூனியனும் இல்லை. நெயூமுக்குள் காலை வைத்தால் ஐரோப்பாவின் வேலியைத் தாண்டி வெளியே வந்துவிட்டோம் என்று அர்த்தம். திரும்ப உள்ளே போக விசாவில் 'மல்டிபிள்' என்ற அந்த ஒரு வார்த்தை வேண்டும். என்னுடையதில் இருந்தது. இருந்தும், அவர் பக்கம் புரட்டும்போது நாமே ஏதோ கடத்திக்கொண்டு போகிற மாதிரி ஒரு முழி வரும் பாருங்கள், அது இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கே உரியது. பஸ்ஸில் மற்ற எல்லோருக்கும் மூன்று நிமிஷம். எனக்கு மட்டும் பதினொன்று. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நெயூம் அழகான ஊரா என்று கேட்டால் இல்லை என்பேன். டுப்ரோவ்னிக் மாதிரி கோட்டை, பளிங்குத் தெரு ஒன்றும் கிடையாது. செங்குத்தான மலைச்சரிவு. மேலே மெயின் ரோடு, கீழே கடல். நடுவில் யூகோஸ்லாவியக் காலத்துப் பெரிய பெரிய கான்கிரீட் ஹோட்டல்கள், அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக வீடுகள். வீட்டுக்கு வீடு 'சோபே', 'ஸிம்மர்', 'அபார்ட்மணி' என்று போர்டு. எல்லாம் ரூம் வாடகைக்கு என்பதுதான். மணல் அதிகமில்லை, கூழாங்கல். ஆனால் தண்ணீர்! எதிரே பெல்யெஷாட்ஸ் தீபகற்பம் மலையாக நின்று அலையைத் தடுத்துவிடுவதால் கடல் ஏரி மாதிரி கிடக்கும். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் நகம் தெரிகிறது. எவ்வளவு தூரம் பார்த்தாலும் கடலுக்கு அந்தப் பக்கம் குரோஷியாதான் தெரியும். கடலே கிடைக்காத நாட்டுக்குக் கிடைத்த கடலுக்கும் சுவர் எழுப்பினாற்போல. இதில் இன்னொரு வேடிக்கை, பெரிய துறைமுகமும் இங்கே இல்லை. போஸ்னியாவின் கப்பல் சரக்கு பக்கத்திலுள்ள குரோஷியாவின் ப்ளோச்செ துறைமுகம் வழியாகத்தான் போய் வருகிறது.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். பாட்டிக்கு ஜெர்மன் தெரியும், எனக்குத் தெரியாது. பேத்தி நடுவில் உட்கார்ந்து இங்கிலீஷ் ஆக்கினாள். பாட்டி 1970-ல் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போனவர். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினாலு வருஷம்.

"இந்த வீட்டுல ஒவ்வொரு செங்கல்லும் ஜெர்மன்காரன் பெட்ஷீட்" என்றார்.

பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு அட்டை, யூகோஸ்லாவியா. "இதைக் காட்டினா அந்தப் பக்கம் மாஸ்கோவும் போகலாம், இந்தப் பக்கம் லண்டனும் போகலாம். ஒருத்தனும் ஏன்னு கேட்க மாட்டான்." நாடே இல்லாத அந்தப் பாஸ்போர்ட்டைத் துடைத்து மறுபடி டின்னில் வைத்தார்.

பாலத்தைப் பற்றிக் கேட்டேன். பாட்டி முகம் கொடுக்கவில்லை. பேத்திதான் சொன்னாள். முன்பெல்லாம் டுப்ரோவ்னிக் பஸ் எல்லாம் இங்கே நிற்கும், நம்ம ஹைவே மோட்டலில் நிற்கிற மாதிரி. பதினைந்து நிமிஷத்தில் காபி, சிகரெட், சாராயம், பெட்ரோல். குரோஷியாவில் விற்பனை வரி 25 சதவிகிதம், இங்கே 17. அதனால் அள்ளிக்கொண்டு போவார்கள். எரிச்சலோடு எல்லையில் நிற்கிற அத்தனை பேரும் நெயூமுக்குக் கஸ்டமர். இப்போது அந்தக் கூட்டம் பாலத்தின்மேல் போகிறது. கோடையில் சரயேவோவிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுக்கு இதுதான் 'நம்ம கடல்'. "டிராஃபிக் இல்லாம ஊர் நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்டோபர்லேர்ந்து மே வரைக்கும் யார் வருவாங்க?" என்றாள்.

அவள் ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கிறாள். மறுநாள் அங்கே போனேன். சின்ன செம்புப் பாத்திரத்தில் நுரை ததும்பக் கெட்டிக் காபி, கூடவே சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு லோகும் மிட்டாய். சர்க்கரையைக் கடித்துக்கொண்டு குடிக்கணும். பில் போஸ்னிய 'மார்க்'கில் வந்தது. ஜெர்மன்காரர்களே 2002-ல் கைவிட்ட மார்க்கின் பெயர் இங்கே உயிரோடு இருக்கிறது. 1 யூரோவுக்கு 1.95583 மார்க், இம்மி மாறாது. யூரோ கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

காபி கொண்டுவந்த பையன் உள்நாட்டில் ஸெனிட்ஸா பக்கத்து ஊர்க்காரன். சீசனுக்கு வந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் இருபத்து நாலு வயது, இரண்டு பேரும் ஜெர்மனிக்குப் போகப்போகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். நெயூமில் பெரும்பாலோரைப் போல அவள் குரோஷிய இனம். போஸ்னிய பாஸ்போர்ட்டோடு குரோஷிய பாஸ்போர்ட்டும் வைத்திருக்கிறாள். ஐரோப்பிய யூனியன் பிரஜை, நாளைக்கே பஸ் ஏறி ஜெர்மனியில் வேலைக்குச் சேரலாம். அவனிடம் போஸ்னியா மட்டும்தான். 2010-லிருந்து போஸ்னியாக்காரர்கள் விசா இல்லாமல் ஷெங்கனைச் சுற்றிப் பார்க்கலாம். வேலை பார்க்க முடியாது. அதற்கு விசா, விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட். ஒரு வருஷமாகக் காத்திருக்கிறான்.

"என்னைவிட இவன் ஜெர்மன் நல்லா பேசுவான் சார். பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டான்" என்றாள் அவள்.

என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். தன்னுடையதையும் அவளுடைய இரண்டையும் போனில் போட்டோவாகக் காட்டினான். இந்தியா, போஸ்னியா, குரோஷியா மூன்றுமே கருநீல அட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கின்றன. "உங்க ஊர்ல ஷெங்கன் அப்பாயின்ட்மென்ட்டுக்கு எவ்வளவு நாள்?" என்றான். சொன்னேன். விரலால் மேஜையில் தட்டிக் கணக்குப் போட்டான். "அப்ப நான் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போனான். பரவாயில்லை என்று எந்தக் கணக்கில் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. நான் சுற்றிப் பார்க்கத்தான் வரிசையில் நின்றேன்.

கிளம்புகிற அன்று காலை பாட்டி உலர்ந்த அத்திப்பழம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பேத்தி அக்டோபர் முதல் வாரம் போகிறாள். ஸ்டுட்கார்ட்டுக்கேதான், முதியோர் இல்லத்தில் வேலை.

"அப்புறம் ரூமையெல்லாம் யாரும்மா பார்த்துப்பாங்க?" என்று கேட்டேன். பேத்தி இதை மட்டும் மொழிபெயர்க்காமல் என் பையைத் தூக்கிக்கொண்டு படியேற ஆரம்பித்தாள்.

பாட்டிக்கு எப்படியோ புரிந்துவிட்டது. முழங்காலைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். முப்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேத்தி சொன்னாள்: "உங்க ஊர்ல யாராவது வந்தா அனுப்புங்கன்னு சொல்றாங்க. ஜூலை, ஆகஸ்ட் வேணாம். செப்டம்பர்னா வாடகை பாதிதான். படுக்கை விரிப்பு மட்டும் அவங்களே போட்டுக்கணுமாம்."