செவியும் செங்கோலும்

மனித உரிமையைக் காக்கச் சட்டம் மட்டும் போதுமா? மலேசிய மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாம், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 2000இல் பணி தொடங்கியது. அது முறையீடுகளை விசாரிக்கலாம், தடுப்புக் காவல் இடங்களைப் பார்வையிடலாம், அரசுக்குப் பரிந்துரைக்கலாம். ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. செங்கோல் ஏந்தாத அவ்வாணையத்தின் வலிமை, மக்கள் குறையைக் கேட்கும் செவியே.

பூர்வகுடி மக்களின் நில உரிமை குறித்து நாடு தழுவிய விசாரணை நடத்தி, 2013இல் 18 பரிந்துரைகளை அது வெளியிட்டது. ஆயினும், ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் முதன்முறையாக விவாதிக்கப்பட்டது 2019இல்தான்.

சொன்னதைக் கேட்போரை உருவாக்கும் கடமை கல்விக்கூடங்களுடையது. பாட்டன் வாழ்ந்த மண்ணை, பட்டா இல்லாமையால் இழப்பவனின் நிலையைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்து எழுத வேண்டும். பள்ளி மாணவன் படித்துணர வேண்டும். அறிக்கை அலமாரியில் உறங்குமாயின், உரிமையும் அங்கேயே உறங்கும்.