பீன்யாவில் பன்றிக்கறி சமைக்கும் கைகள்

பெங்களூரில் யஷ்வந்த்பூரைக் கடந்து தும்கூர் சாலையில் செல்லும்போது, கொரகுண்டேபாளையாவுக்கும் ஜாலஹள்ளி கிராஸுக்கும் இடையே பரந்து கிடக்கும் பீன்யாத் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், அங்குள்ள லேத்துப் பட்டறைகளையும் முலாம் பூசும் சாலைகளையும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அவற்றில் உழைக்கும் ஜனங்கள் வீடு திரும்பி என்ன சமைக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். 1953-ல் எச்.எம்.டி.யும், மறு வருஷம் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஜாலஹள்ளிப் பக்கத்தில் தோன்றி, பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நாளடைவில் பெருகி, 1970-களின் பிற்பகுதியில் பீன்யா ஒரு பேட்டையாக உருவெடுத்த காலம் தொட்டு, வேலை தேடி இங்கே வந்தவர்களில் தமிழர் உண்டு, கொங்கணி பேசும் மங்களூர்க் கத்தோலிக்கர் உண்டு, பின்னாளில் வந்த ஒடிசாக்காரரும் பீஹாரிகளும் உண்டு. ஒவ்வொருவரும் கைத்தொழிலோடு கூடத் தம் ஊர்ச் சமையலையும் கொண்டு வந்தார்கள்.

நான் பார்க்கச் சென்றது, முப்பது வருஷத்துக்கு மேல் டர்னராக உழைத்து ஓய்வு பெற்ற ஒரு மங்களூர்க்காரரின் வீட்டை. இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய மனைவியாரின் அடுப்பங்கரையை. கொங்கணியில் துக்ரா மாஸ் என்றும், அதில் சேரும் பொடியை முன்னிட்டுப் பன்றி பஃபாத் என்றும் வழங்கும் அந்தக் குழம்பை, அந்த அம்மாளும் அவருக்குத் துணையான இரண்டு பெண்களும், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கல்யாணங்களுக்கும் ஞானஸ்நான விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுத்து வருகிறார்கள். பட்டறைத் தோழர்களிடம் கற்ற தமிழில் அவர் கணவர் என்னை வரவேற்று, "நான் இரும்பைக் கடைஞ்சேன், சார். அது இருபது வயசுல கத்துக்கிட்ட வேலை. இவங்க வேலை அவங்க பாட்டி கையிலிருந்து வந்தது" என்றார்.

அந்தப் பாட்டிக்கும் முன்னால் போனால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1510-ல் போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றிய பின்பு, அங்கே கிறிஸ்தவத்தைத் தழுவிய கொங்கணி ஜனங்களில் பலர், யுத்தங்களுக்கும் பஞ்சத்துக்கும் மத விசாரணையின் கெடுபிடிகளுக்கும் அஞ்சித் தெற்கே கன்னடக் கடற்கரையில் வந்து குடியேறினர். 1784-ல் திப்பு சுல்தான் அவர்களைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றதும், 1799-ல் அவர் வீழ்ந்த பிறகே எஞ்சியவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பியதும் அந்தச் சமூகம் இன்றளவும் மறவாத சங்கதிகள். போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணர்ந்த மிளகாயையும், மாமிசத்தைப் புளிக்காடியில் பக்குவப்படுத்தும் அவர்களுடைய வழக்கத்தையும், தமக்கு ஏற்கெனவே பழக்கமான மிளகு, தனியா, மஞ்சள், புளி ஆகியவற்றோடு இசைத்து, கோவாவிலும் இல்லாத, போர்த்துகலிலும் இல்லாத ஒரு புது ருசியை இந்த அகதிகளின் அடுக்களைகள் சிருஷ்டித்தன.

இத்தகைய சமையல் உலகத்தின் பல மூலைகளில் உண்டு. மதெய்ரா தீவிலிருந்து 1835 முதல் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன போர்த்துகீசியத் தொழிலாளர் பூண்டும் காடியும் இட்டு ஊறவைத்த பன்றிக்கறி, இன்றும் அந்நாட்டில் கிறிஸ்துமஸ் காலைப் பலகாரமாக விளங்குகிறது. நமக்கு இன்னும் நெருக்கமானது ரெயூனியோன் தீவு. 1848-ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிய தமிழ்க் கூலிகளின் மஞ்சளும் இஞ்சியும், ஆப்பிரிக்கர், பிரெஞ்சுக்காரர், மலகாசியர் ஆகியோரின் கைப்பழக்கங்களோடு சேர, அந்தத் தீவின் கிரெயோல் சமையலில் பன்றிக்கறியை வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், தைம் இலை இவற்றோடு நிதானமாக வேகவைத்துச் சோற்றோடு உண்கிறார்கள். கலந்து பிறந்த உணவைக் கலப்படம் என்று இகழ்வோர் நம்மிடையே உண்டு. கையில் கிடைத்ததை எல்லாம் கொட்டிக் கிளறுவதே கலப்பு என்பது அவர்கள் எண்ணம் போலும். அது எவ்வளவு பிழையான அபிப்பிராயம் என்பதைப் பீன்யாவின் அந்தச் சின்ன அடுப்பங்கரை எனக்குக் காட்டியது.

கறி வாங்குவதிலேயே அந்த அம்மாளின் கண்டிப்பு தொடங்குகிறது. விடியற்காலையில் கடைக்குப் போய், தோலும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக அமைந்த வயிற்றுப் பக்கத்துத் துண்டையும், சிறிது தோள்கறியையும் தம் கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குகிறார். வெறும் சதையை மாத்திரம் கேட்பவர்களுக்கு இந்தக் குழம்பு வராது என்பது அவர் தீர்ப்பு. ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத துண்டுகளாக அது இருக்க வேண்டும். சிறிதாக நறுக்கினால் தோல் இளகுமுன் சதை சிதைந்துவிடும்.

பஃபாத் பொடி முன்னதாகவே தயாராகியிருந்தது. ஹாவேரி மாவட்டத்துப் பேடகி மிளகாய், காரத்தைவிட நிறத்துக்கே பேர் போனது. அது கால் கிலோ என்றால், தனியா ஏறக்குறைய அதே அளவு, சீரகமும் மிளகும் ஐம்பது ஐம்பது கிராம், பிறகு மஞ்சள், கொஞ்சம் கிராம்பு, பட்டை. இவற்றை வாணலியில் வறுப்பதில்லை. மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைக்கிறார்கள். வறுத்த பொடி இரண்டு மாதத்தில் மணம் இழந்துவிடும் என்றும், வெயிலில் காய்ந்தது வருஷம் தாங்கும் என்றும் அந்த அம்மாள் சொன்னார். பேட்டையின் புகையும் தூசும் படாதிருக்க, மெல்லிய வேஷ்டித் துணியால் மூடிக் காயவைக்கும் அந்தச் சிரத்தையை நான் வியந்து பார்த்தேன்.

சமையல் தொடங்கியதும் அங்கே பேச்சு நின்றுவிட்டது. கனத்த அடியுள்ள பாத்திரத்தில் கறியையும், நீளவாட்டில் அரிந்த வெங்காயத்தையும், இஞ்சி, பூண்டு, கீறிய பச்சைமிளகாய், உப்பு, மூன்று கரண்டிப் பொடி ஆகியவற்றையும் இட்டுக் கையாலேயே பிசைந்து, அரை மணி நேரம் அப்படியே விட்டார். எண்ணெய் ஒரு துளியும் சேர்க்கவில்லை. நான் குடத்தைப் பார்ப்பதைக் கண்டு, "தண்ணி ஊத்தவே கூடாது, சார். அதுக்கு வேண்டிய தண்ணி அதுக்குள்ளேயே இருக்கு" என்றார். மெல்லிய தீயில் மூடி வைத்ததும், வெங்காயமும் மாமிசமும் தம் நீரை விடுகின்றன. அந்த நீரிலேயே கறி வேகிறது. நீர் சுண்டச் சுண்டக் கொழுப்பு உருகி மேலே மிதக்கிறது. பேடகியின் செந்நிறம் தண்ணீரைக்காட்டிலும் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும் என்பதால், அந்தச் சமயத்தில்தான் குழம்பு ரத்தினம்போல் சிவக்கிறது. தோலிலும் மூட்டுத் தசையிலும் உள்ள கடினமான நார், நெடுநேரச் சூட்டில் பசைபோல் இளகிக் கூழாவதால், மாவோ தேங்காயோ சேர்க்காமலே குழம்பு கெட்டிப்படுகிறது. புளிக்கரைசலை அவர் பாதி வெந்த பிறகே ஊற்றினார். முதலிலேயே புளிப்பு ஏறினால் கறி இறுகிப்போகும் என்பது அவர் சொல்லும் காரணம். இறக்குமுன் இரண்டு கரண்டித் தென்னங்காடி.

பன்றிக்கறி சிறிதும் அரைவேக்காடாக இருக்கலாகாது. நாடாப்புழுவின் அபாயம் உண்டு என்பதை வைத்தியர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். அந்த அம்மாள் வைத்திய நூல் படித்தவரல்லர். ஆயினும் பெரிய துண்டொன்றை எடுத்துப் பிளந்து, நடுவில் இளஞ்சிவப்பு துளியும் இல்லை என்று கண்டபிறகே தீயைத் தணித்தார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் மூன்று நான்கு முறைக்குமேல் மூடியைத் திறக்கவில்லை. ஓசையைக் கொண்டே நிலையை அறிகிறார்: நீர் இருக்கும்வரை கொதி தடித்த சத்தம்; கொழுப்புப் பிரிந்ததும் அது மெல்லிய பொரியல் ஓசையாக மாறுகிறது. தீட்டிய உளி இரும்பில் சரியாக இறங்குகிறதா என்பதை லேத்தின் சத்தத்தைக் கேட்டே சொல்லும் டர்னரின் காதுக்கு இந்தக் காது இளைத்ததன்று என்று நான் சொன்னபோது, பக்கத்தில் நின்ற கணவர் தலையசைத்து ஆமோதித்தார்.

இதற்கு ஜோடி சான்னாஸ். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் அந்த வெள்ளை அப்பம் ஊரில் கள்ளினால் பொங்கும். இங்கே ஈஸ்ட்தான் கதி. அது ஒன்றே அவருக்குக் குறை. செப்டம்பர் 8-ந் தேதி வரும் மாதா பிறந்தநாள் பண்டிகையில், புதுக் கதிரைப் பாலிலோ பாயசத்திலோ சேர்த்து, முழுவதும் சைவமாகவே உண்பது மங்களூர்க்காரர் வழக்கம். மற்ற விசேஷங்களில் பன்றிக்கறி இல்லாத பந்தி பந்தியன்று. அதையும் சமைத்த அன்றே பரிமாறுவது உத்தமமல்ல என்கிறார்கள். மறுநாள் புளிப்பும் காரமும் மாமிசத்துக்குள் இறங்கிய பிறகு, தண்ணீர் சேர்க்காமல் சூடுகாட்டி உண்பதே முறை. எனக்காக அன்றே ஒரு தட்டு வைத்தார்கள்; முந்தின நாள் குழம்பில் சிறிதும் பக்கத்தில் வைத்தார்கள். முந்தின நாளையதே மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விடைபெறுமுன் கணக்கு விஷயத்தை விசாரித்தேன். விருந்துகளுக்குச் சமைக்கும்போது கறி, மசாலா, காஸ் ஆகியவற்றின் செலவோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் கிலோக் கணக்கில் பொடி கேட்டு வருபவர்களிடமோ மிளகாய் விலையும் மில் கூலியும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. மாடி வெயிலில் நின்ற நாட்களும், காம்பு கிள்ளிக் கிள்ளி எரிந்த விரல்களும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஒரு மணி நேர லேத்து வேலைக்கு இன்ன கூலி என்று பைசா பிசகாமல் கணக்கிடும் பேட்டையில், அதே தெருவில் நடக்கும் இந்தத் தொழிலுக்கு மட்டும் கூலி இல்லை என்பது எனக்கு நியாயமாகப்படவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "சொந்தக்காரங்க மாதிரி பழகிட்டோம், சார், எப்படிக் கேட்கிறது?" என்றார் முதலில். சற்றுப் பொறுத்து, இந்த வருஷம் கிலோவுக்கு என்ன கேட்கலாம் என்று மற்ற இருவரோடும் கலந்து முடிவு செய்வதாகச் சொன்னார்.