நாவும் நூலும்

எங்கள் வண்ணாரப்பேட்டையில் துணிக்கும் பஞ்சமில்லை, அபிப்பிராயத்துக்கும் பஞ்சமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் ஏற்பட்ட பெயர் இது. இன்றைக்கும் பண்டிகைக் காலத்தில் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் கால் வைக்க இடம் கிடைக்காது.

அந்த நெரிசலில் ஒரு நண்பரைச் சந்தித்தோம். "கைத்தறி வாங்காதவன் மனிதனா, ஸார்?" என்று நாலு பேர் காதில் விழும்படி முழங்கினார். அவர் கைப்பையிலிருந்தோ மில் துணி எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது. "எல்லாம் வெளிவேஷம்!" என்றாள் என் மனைவி, வீடு திரும்பும் வழியில்.

இருக்கலாம். ஆனால் வேஷத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? துணியையும் நூலையும் கொண்டே மனிதர் மனத்தை அளக்கப் பார்த்த சோதனை ஒன்று நம் தேசத்தில் நடந்ததுண்டு. 1924-ம் வருஷம் டிசம்பரில் மகாத்மா காந்தியின் தலைமையில் பெல்காமில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அங்கத்தினராக விரும்புவோர் மாதம் 2,000 கஜம் நூல் நூற்றுக் கொடுக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. நோயாளிகளும் நூற்க இஷ்டமில்லாதவர்களும் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகையும் கூடவே வந்தது. கேட்க வேண்டுமா? பக்தியுள்ளவர்கள் ராட்டையின் முன் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நூலை விலைக்கு வாங்கிச் செலுத்தினார்கள். வருஷம் முடிவதற்குள், 1925 செப்டம்பரில், பாட்னாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, நாலணாச் சந்தா அல்லது சொந்தமாய் நூற்ற நூல், இரண்டில் ஒன்று போதும் என்று விதியை மாற்றிவிட்டது.

நூலைக் கஜக்கோலால் அளக்கலாம்; கொடுத்தவருடைய தேசபக்தியை அளக்க முடியவில்லை. வாஸ்தவந்தான். ஆயினும் விலைக்கு வாங்கிய அந்த நூலை எங்கோ ஒருவர் உட்கார்ந்து நூற்றுத்தானே இருக்க வேண்டும்? கொடுத்தவர் வேஷதாரியே ஆனாலும், நூற்றவருக்குக் கிடைத்த கூலி மெய்யான கூலி.

நல்ல அபிப்பிராயமும் இப்படித்தான். சொன்னவர் மனம் எப்படியிருந்தாலும், கேட்ட ஒருவருக்காவது அது பயன்படக்கூடும். ஒவ்வொருவரையும் "வேஷம், வேஷம்" என்று பரிகசித்தால் அவர்கள் யோக்கியர்களாகிவிடப் போவதில்லை. நல்லதைச் சொல்லுவதை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். பிறகு, கூசாமல் கெட்டதைப் பேசுகிறவனே உள்ளதைச் சொல்லும் உத்தமன் என்று பெயர் வாங்குவான். அதைவிட அபாயம் வேறென்ன?

அதற்காக, சொல்லுகிறவரை சும்மா விட்டுவிடவும் வேண்டியதில்லை. இனி யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தர்மம் பேசினால், "மனப்பூர்வமாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் "ஆம்" என்றுதான் சொல்லுவார்கள். "ரொம்ப சரி, என்றைக்கு ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.