ஆடக்கூடாது, ஆனால் வரலாம்!

பிள்ளைகள் பெரிய தப்பு ஏதாவது செய்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "போனால் போகிறது, குழந்தைதானே" என்று பூசி மெழுகிவிடுவோம். இல்லாவிட்டால், "என் முகத்தில் முழிக்காதே" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் சோற்றுத் தட்டை மேஜைமேல் வைத்ததோடு சரி, பேச்சே இருக்காது. இதற்கு நடுவிலே ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது கல்லூரிக் கால்பந்து ஆடிய ஒரு பிள்ளையின் கதை. "அடுப்படியில் இருப்பவளுக்குக் கால்பந்து எதற்கு?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கல்யாணமாகி 2006-ல் நான் வந்து இறங்கியது அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துக்கு. போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோ என்ற ஊர். என் கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை. செப்டம்பர் பிறந்தால் போதும், தெருவில் பாதி வீடுகளில் பச்சையும் மஞ்சளுமாகக் கொடி பறக்கும். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் யூஜீன் நகரத்து ஆரிகன் பல்கலைக்கழக அணியின் நிறம் அது. அணிக்குச் செல்லப் பெயர் 'வாத்துகள்'!

இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைக்கும் பந்து இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. தலைக்கவசமும் தோள் பட்டைகளும் மாட்டிக்கொண்டு, பக்கத்துக்கு 11 பேராக மோதுவார்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மறிக்கிற ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓட வேண்டும். பத்தாவது வரை படித்த எனக்கு, பக்கத்து வீட்டு அம்மாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில் இவ்வளவு புரிந்தது.

அப்படி ஓடுவதில் கெட்டிக்காரர் லகாரெட் பிளண்ட். நாட்டின் எதிர்மூலையில், புளோரிடாவிலுள்ள பெர்ரி என்ற சிற்றூர்ப் பிள்ளை. 2008-ல் ஆரிகன் அணிக்காக ஓடியது 1,002 கஜம். 17 முறை எல்லையைத் தொட்டார். மறு வருஷம் கல்லூரியில் அவருக்குக் கடைசி வருஷம். அது நன்றாக அமைந்தால் பணம் தரும் பெரிய அணிகள் தேடி வரும்.

2009 செப்டம்பர் 3-ம் தேதி. பக்கத்து மாநிலமான ஐடஹோவில், பாய்சி நகரில் முதல் ஆட்டம். புது கோச் சிப் கெல்லிக்கும் அதுதான் முதல் ஆட்டம். 19-8 என்று ஆரிகன் தோற்றது. பிளண்ட் 8 முறை பந்தை வாங்கி ஓடியும், கணக்குப் பார்த்தால் 5 கஜம் பின்னால் போயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன் ஒருவன் தோளில் தட்டி, முகத்துக்கு நேரே ஏதோ சொன்னான். விட்டார் ஒரு குத்து, தாடையில்! அவன் விழுந்துவிட்டான். பார்வையாளர்கள் கத்த, அவர்களை நோக்கியும் பாய்ந்தவரைப் போலீஸாரும் பயிற்சியாளர்களும் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள்.

அந்தக் காட்சியை டி.வி.யில் எத்தனை தடவை போட்டார்கள் என்று கணக்கே இல்லை. அப்போது என் மகன் கைக்குழந்தை. மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தேன். "ஐயோ, இந்தப் பிள்ளையின் அம்மா இதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பாளோ!" என்றுதான் தோன்றியது.

மறுநாளே அந்த சீசன் முழுதும் சஸ்பெண்ட் என்று அறிவித்தார் கெல்லி. கடைசி வருஷக்காரருக்கு அதற்கு அர்த்தம், கதை முடிந்தது என்பதுதான். ஆனால், சகோதரிகளே, அடுத்து கோச் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். உதவித்தொகையை நிறுத்தவில்லை. அணியை விட்டுத் துரத்தவும் இல்லை. ஆட்டம்தான் கிடையாது; தினசரிப் பயிற்சிக்கு வரலாம் என்றார்.

பயிற்சியில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? அடுத்த வாரம் மோதப் போகும் எதிரணிக்காரர்களைப்போல ஆடிக் காட்டி, தன் அணியைத் தயார் செய்யும் கூட்டத்தில் நிற்பது. போன வருஷம் ஊரே கொண்டாடிய ஆள்! தன் இடத்திலோ லமைக்கேல் ஜேம்ஸ் என்ற புதுப் பையன் ஓடிப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறான். வாரம் முழுதும் அடிபட்டு உழைத்துவிட்டு, ஆட்ட நாளன்று இவர் மட்டும் ஆடப்போக முடியாது. கல்லூரி மாணவர் பத்திரிகையில் மன்னிப்புக் கடிதமும் எழுதினார். படிப்பிலும் நடத்தையிலும் சில நிபந்தனைகளை வைத்து, அவற்றை நிறைவேற்றினால் தடையைப் பற்றி யோசிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார் கோச்.

நவம்பர் 9-ம் தேதி தடை நீங்கியது. அப்போதும் உடனே ஆடவிடவில்லை. இன்னும் இரண்டு ஆட்டங்கள் போயின. ஆக, 10 ஆட்டங்கள் ஆடாமல் இருந்து, டிசம்பர் 3-ல் ஆரிகன் ஸ்டேட் அணிக்கு எதிராகக் களம் இறங்கினார். எல்லையைத் தொட்டு ஒரு முறை புள்ளியும் வாங்கிக் கொடுத்தார். 37-33 என்று ஜெயித்து, புத்தாண்டு நாளில் நடக்கும் பெயர்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு ஆரிகன் தேர்வானது. எங்கள் தெருவில் அன்று ராத்திரி பட்டாசு வெடிக்காத குறைதான்.

இந்தக் கதை எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது 2024-ல், அந்த மடிப் பிள்ளைக்குப் பதினாறு வயதானபோது.

பள்ளிக்கூட அணியில் அவனும் இந்த ஆட்டம்தான் ஆடுகிறான். ஒரு நாள் விசில் ஊதிய பிறகு, எதிரணிப் பையனைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிட்டான். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இரண்டு ஆட்டம் சஸ்பெண்ட். இரண்டு வாரம் பயிற்சிக்கும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவருக்கே குரல் உயர்ந்துவிட்டது. "ஆட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதோடு நிறுத்து!" என்றார். பையன் வாயே திறக்கவில்லை.

ராத்திரி நான் மெதுவாகச் சொன்னேன்: "இங்க பாருங்க, தண்டனை வேணாம்னு நான் சொல்லலை. ஆட்டத்தை அவங்க எடுத்துட்டாங்க. நாமளும் சேர்ந்து வீட்டையும் எடுத்துட்டா, பிள்ளை எங்கே போய் நிப்பான்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் காலையில், "அந்த யூஜீன் பையன் கதையை இவனுக்குச் சொல்லேன்" என்றார்.

ஆட்டத்தை விட, அந்த மாலை மூன்று மணி நேரம்தான் ஆபத்து என்பது எனக்கு இரண்டே நாளில் தெரிந்தது. மூன்றரையிலிருந்து ஆறரை வரை ஓடி ஆடிய உடம்பு, திடீரென்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கிறது. ஏழு தோசை சாப்பிடுகிறவனுக்கு இரண்டு இறங்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிகிறது. சிப்ஸ் பொட்டலமும் செல்போனுமாக உட்கார்ந்திருக்கிறான்!

அதனால் அந்த நேரத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்தேன். பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் மோர், வாழைப்பழம் அல்லது சுண்டல். அப்புறம் பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் தெருவைச் சுற்றி ஓட்டம். இந்த ஊரில் அக்டோபர் பிறந்தால் தூறல்தான். அவன் ஓட, நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஏழு மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து சாப்பாடு. இலை போட்ட இடத்தில் அந்தப் பேச்சு எடுக்கக்கூடாது என்று இவரிடமும் சொல்லிவிட்டேன். பத்து மணிக்குச் செல்போன் கூடத்தில் என் தையல் பெட்டிமேல் வந்துவிட வேண்டும்.

ஊரிலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டபோது விஷயத்தை நான் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டிய விஷயம். நாலாம் நாள் அவனே சொன்னான். பாட்டி என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு வந்து, "அந்தப் பையனுக்கு லெட்டர் எழுதணும்மா" என்றான். கையால்தான் எழுதினான். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டு, மூன்றாவதை மடித்து உறையில் வைத்தான். நான் படித்துப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நாங்கள் இருவரும் கோச்சைப் பார்த்தோம். "ஆட வேண்டாம் சார். வந்து தண்ணீர் பாட்டில் நிரப்பட்டும், பந்து பொறுக்கிப் போடட்டும்" என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்து, சரி என்றார். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு போனவன், வீட்டுக்கு வந்து, "அம்மா, பசிக்குது!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்!

தடை முடிந்த பிறகும் அவனுடைய பழைய இடம் கிடைக்கவில்லை. அந்த சீசனில் பெரும்பாலும் ஓரத்தில்தான் நின்றான். அதையும் தாங்கிக்கொண்டான்.

தண்டனை பட்டதும் பிள்ளைகள் தங்கமாகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிளண்டையே பாருங்கள். 2010-ல் பெரிய அணிகள் 255 கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. தேர்வுக்கு வெளியே சேர்ந்து, முதல் வருஷமே 1,007 கஜம் ஓடினார். 2014 நவம்பரில், ஆட்டம் முடியுமுன்பே மைதானத்தை விட்டுப் போனதால் பிட்ஸ்பர்க் அணி அவரை நீக்கியது. மறுபடி வேறு அணியில் எழுந்து நின்று, 2015, 2017, 2018 ஆகிய வருஷங்களில் சூப்பர் பௌல் ஜெயித்த அணிகளில் இருந்தார். விழுவதும் எழுவதுமாகத்தான் அவர் பயணமும் போயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பள்ளியிலிருந்தோ அணியிலிருந்தோ சில நாள் விலக்கப்பட்டு வந்து நிற்கலாம். அந்த நாட்களைச் சும்மா விடாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் வேளை தவறாமல் இருக்கட்டும். உடம்புக்கு வேலை கொடுங்கள். மன்னிப்பு அவன் வாயாலேயே, அவன் கையாலேயே வரட்டும். திரும்பிப் போகும் நாளைக் காலண்டரில் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், சிநேகிதர்களையும் ஒதுக்கினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.