34,000 பவுண்டு

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஐந்து அச்சு டிரக்-டிரெய்லருக்கு உச்ச எடை 80,000 பவுண்டு, ஏறக்குறைய 36 டன். விசாரிப்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் சொல்வேன். ஓட்டும்போது என் மனதில் இருப்பது 34,000. டிரக்கை இழுக்கும் இரட்டை அச்சுக்கும், டிரெய்லரின் பின்னிரட்டைக்கும் தனித்தனியே அதுதான் எல்லை. மொத்தம் 76,000 மட்டுமே இருந்தாலும், ஒரு ஜோடி 35,500 காட்டினால் அது சட்டமீறல்தான்.

தண்ணீர் பாட்டில், காகித உருளை போன்ற கனத்த சரக்கு முன்பக்கம் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தால் டிரக்கின் அச்சுகள்தான் திணறும். நல்ல வேளையாக, டிரெய்லரின் பின் அச்சுகள் நகரக்கூடியவை. பூட்டு ஊசிகளை விடுவித்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கைப் பின்னால் தள்ளினால், பெட்டி பின்னேற, அச்சுகள் அதன் அடியில் முன்னே வந்துவிடும். டிரக்கின் பாரம் குறைந்து டிரெய்லர் அச்சுகளில் ஏறும். ஊசி விழும் துளை ஒன்றுக்கு 250 முதல் 400 பவுண்டு வரை மாறும். துளைகளின் இடைவெளியைப் பொறுத்தது அது. ஊசிகள் முழுதாக உள்ளே விழுந்தனவா என்று இறங்கிக் கண்ணால் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. விழாத ஊசியோடு பிரேக் அடித்தால் அச்சுகள் நழுவிவிடும்.

அச்சுக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? இல்லினாய் மாநிலத்தின் ஆட்டவா அருகே சோதனைச் சாலைகள் போட்டு, 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்களைக் கொண்டு டிரக்குகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் சுமார் 16 மடங்காகும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பாலத்தின் கவலை வேறு. அச்சுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே அதற்கு முக்கியம். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைகளை உயர்த்தியபோதே பாலச் சூத்திரத்தையும் சேர்த்தது. அதன்படி ஐந்து அச்சு வண்டி 80,000 சுமக்க, முதல் அச்சிலிருந்து கடைசி அச்சுவரை 51 அடி வேண்டும். இந்தச் சட்டத்தை நான் மனமார மதிக்கிறேன். பழைய பாலங்களில் தினமும் ஏறுகிறவன் நான்.

அச்சுகளை இஷ்டத்துக்கு நகர்த்தவும் முடியாது. நீள டிரெய்லரென்றால் கலிபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து (டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் முளை) கடைசி அச்சுவரை 40 அடிக்கு மேல் கூடாது. டீசலையும் மறக்கக் கூடாது. கேலனுக்கு ஏழு பவுண்டு. பாதித் தொட்டியோடு எடை பார்த்துவிட்டு அப்புறம் நிரப்பினால் கூடும் எடையில் பெரும்பங்கு டிரக்கின் அச்சுகளில்தான் இறங்கும்.

"மொத்தம் எண்பதுக்குள்தானே இருக்கிறது?" என்று கிடங்கில் வாதாடுவார்கள். நகர்த்தித் தீராத பாரமென்றால் திரும்பிப்போய்க் கதவைத் திறக்கச் சொல்வேன். எல்லாவற்றையும் இறக்கி, முன்முனையில் இரண்டிரண்டாக நின்ற பேலட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு அரை நாள் போனாலும் போகட்டும்.